பேர் சொன்ன வியாழக்கிழமை

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மாமியார் செண்பகவல்லி, டிவிப் பெட்டிக்கு நேர் எதிரே சுவரில் சாய்ந்து காலை நீட்டியபடி. அவள் மகள் சீனியம்மாள், அம்மாவுக்கு வலப்பக்கம், மடியில் வெற்றிலைத் தட்டோடு. சீனியம்மாளின் புருஷன் சண்முகையா, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில். மருமகள் சுந்தரம்மாள், அடுக்களை நிலையை ஒட்டி, முழங்காலில் அட்டையை வைத்து அதன்மேல் ஒரு இன்லண்டு கடிதத்தை விரித்துக்கொண்டு. டிவியின் மரக்கதவு மூடித்தான் இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை சாயங்காலம் தொடர் பார்க்க எவரெவர் எங்கெங்கே உட்காருவார்களோ, அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாவது ஆள் சங்கரபாண்டி, சுந்தரம்மாளின் புருஷன், புறவாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாமல்தான் கடிதம்.

"எழுதுட்டி," என்றாள் செண்பகவல்லி. "ராயகிரி நல்லகண்ணு அவர்களுக்கு. நலம், நலமறிய அவா. உங்க தங்கச்சிய வந்து கூட்டிட்டுப் போகவும்."

சுந்தரம்மாள் எழுதினாள். அந்த வீட்டில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் அவள் ஒருத்தி. கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் அவள் கையால்தான் போகும். தன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தையும் அவளே எழுத வேண்டியிருந்தது. கையெழுத்து வழக்கம்போல நிமிர்ந்துதான் நின்றது.

"எம் புள்ளைக்கு அவளை ஆருன்னே தெரியல. புள்ளகுட்டியும் இல்ல. அவ இங்கன இருந்து என்ன செய்ய... எழுதினியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"அம்மா, டிவிப் பெட்டி?" என்று சீனியம்மாள் நினைவூட்டினாள். "அது அவுக அண்ணன் குடுத்த சீருல்லா. சேத்துக் கேட்டாகன்னா?"

செண்பகவல்லி மூடியிருந்த டிவிக் கதவைப் பார்த்தாள். "டிவிய இந்தக் கதை முடிஞ்ச பொறவு அனுப்புதோம்னு எழுது."

சுந்தரம்மாள் அதையும் எழுதினாள்.

சங்கரபாண்டி பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறவன். கோடையில் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் வடக்கயிற்றில் கட்டிய பலகைமேல் நின்று இறங்கியபோது விழுந்து மண்டையில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அம்மாவைத் தெரிந்தது, அக்காவைத் தெரிந்தது, அத்தானைத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிந்திய எதுவும் தெரியவில்லை. கஞ்சி கொடுக்க வந்த சுந்தரம்மாளைப் பார்த்து, "நர்ஸம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவள் அடுக்கிவைத்திருந்த துணிகளின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "பக்கத்துல இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்கம்மா." அது அவளால் ஆகவில்லை. புருஷன் பேரை வாயில் எடுக்காத குடும்பத்தில் வளர்ந்தவள். புருஷன் பேரில் பாதி கலந்திருக்கிறது என்று அந்த ஊர்ப் பேரைக்கூடச் சொல்லமாட்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம், "கோமதி அம்மன் ஊருக்கு ஒரு டிக்கெட்" என்றுதான் கேட்பாள். கடிதத்தில் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டு, சண்முகையாவிடம் நீட்டிவிடுவாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் அவளை வாங்க, போங்க என்றே பேசினான். தட்டை எடுத்தால், "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றான். இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவான். அந்நிய மனுஷி படுத்திருக்கிற அறையில் தனக்கென்ன வேலை என்ற மரியாதை.

இந்தச் சமயத்தில்தான் அந்தத் தொடர் வந்தது. நாயகன் ஒரு லாட்ஜ் அறையில் கண் விழிக்கிறான். கட்டிலுக்கு அடியில் ஒரு பிணம். தன் பேரே அவனுக்கு நினைவில்லை. கொன்றவன் தானா, சாகவேண்டியவன் தானா என்றும் தெரியாது. வாரா வாரம் அந்தப் பிணத்தை டிரங்குப் பெட்டியிலும் கல்யாண வேனிலுமாக ஒளித்துக்கொண்டு அலைகிறான். எதிரே வருகிறவர்களிடமெல்லாம், "நமக்கு முன்னாலயே பழக்கமுங்களா?" என்று பணிவாகக் கேட்கிறான். சண்முகையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சங்கரபாண்டியும் சிரிப்பான், கொஞ்சம் தாமதமாக.

பிறகு ஒரு வாரம், நான்தான் உன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு தொடரில் ஒருத்தி வந்தாள். நாயகனுக்குப் பால் ஆற்றினாள். அவள் கையில் ஒரு பொட்டலம் தெரிந்தது. அதோடு அன்றைய கதை முடிந்தது.

மறுநாள் காலை சுந்தரம்மாள் கொண்டுவந்த பாலைச் செண்பகவல்லி வாங்கி, முதலில் பூனைக்கு ஊற்றினாள். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாள் அது நேரத்துக்கே வந்து காத்து நின்றது.

"அத்தை, நீங்கதான என்னயப் பொண்ணு பாக்க வந்தீக," என்றாள் சுந்தரம்மாள். "நான் ஆருன்னு உங்களுக்குமா தெரியாது?"

"தெரியும். அதனாலதான் சொல்லுதேன். அன்னைக்குக் கெணத்துக்கிட்ட சோறு கொண்டுட்டுப் போனது நீ. மேல வடத்தைப் பிடிச்சிருந்தவன் அவன்கூட வேலை பாக்குத மூக்காண்டி. 'இந்தாருங்க'ன்னு அண்ணி கூப்பிட்டாக, என்னயத்தான்னு திரும்பினேன், வடம் நழுவிட்டுன்னு அவனே சொல்லுதான். அந்நேரம் அவனை எதுக்குட்டி கூப்பிட்ட?"

"அவனைக் கூப்பிடல அத்தை. பலகை நகண்டுச்சு. அவுகளத்தான் கூப்பிட்டேன்."

"எம் மவன் பேரா 'இந்தாருங்க'?"

 அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே சுந்தரம்மாள் எத்தனையோ தடவை கேட்டிருந்தாள்.

கடிதம் எழுதிய அந்த வியாழக்கிழமை விளக்கு வைத்தாயிற்று. டிவியின் மரக்கதவு திறந்தது. காலையில் இருந்த இடங்களிலேயே எல்லாரும் உட்கார்ந்தார்கள். சங்கரபாண்டி அம்மாவின் கால்மாட்டில் இருந்தான். மடித்து ஒட்டாத கடிதம் டிவிக்கு மேலே இருந்தது. நாளைக் காலைத் தபாலில் போக வேண்டும்.

நாயகன் பால் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோன இடத்தில் படம் அலைபாய்ந்து, பிறகு வெறும் புள்ளிகளாகிவிட்டது. இது வழக்கம்தான். ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிற கொடைக்கானல் பக்கம் திரும்பியிருக்கும் ஆன்டெனாவைக் காற்று திருப்பிவிடும். ஒருவர் மொட்டைமாடியில் ஏறித் திருப்ப வேண்டும், ஒருவர் கூடத்தில் இருந்து சொல்ல வேண்டும். இடையில் புறவாசலில் நின்று, கூடத்துப் பேச்சை மாடிக்குச் சொல்வது சுந்தரம்மாள். அதனாலேயே தொடரின் முக்கியமான இடங்களை அவள் காதால் மட்டுமே அறிவாள்.

ஏறுவது எப்போதும் சண்முகையா. அன்று அவர் எழுந்திருக்கவில்லை. கதை அப்படிப்பட்ட இடத்தில் நின்றிருந்தது. எல்லார் கண்ணும் புள்ளிகள்மேல் இருக்க, சங்கரபாண்டி எழுந்துபோய் ஏணியில் ஏறிவிட்டான்.

சுந்தரம்மாள் புறவாசலில் வந்து நின்றபோதுதான் மேலே நிற்பது யாரென்று பார்த்தாள்.

"குரல் வருது, ஆள் வரல," என்று கூடத்திலிருந்து சண்முகையா சத்தம் கொடுத்தார்.

"குரல் வருதாம், ஆள் வரலையாம்," என்றாள் அவள்.

சங்கரபாண்டி ஆன்டெனாக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். திருப்பத் திருப்ப அவன் பின்னால் நகர்ந்தான். அந்தப் பக்கம் கைப்பிடிச்சுவர் இன்னும் எழும்பவில்லை. கீழே துவைக்கிற கல். குண்டு பல்பின் வெளிச்சத்தில் அவன் குதிகால் விளிம்பில் தெரிந்தது.

"இந்தாருங்க," என்றாள் சுந்தரம்மாள்.

"சொல்லுங்க, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே, இன்னும் கொஞ்சம் திருப்புவதற்காக அவன் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

"இந்தாருங்க... இந்தாருங்க..."

"இன்னும் திருப்பணுமா?"

அவளுக்குக் கிணறு தெரிந்தது. பலகை தெரிந்தது. திரும்பிப் பார்த்த மூக்காண்டியின் முகம் தெரிந்தது.

"சங்கரபாண்டி, நில்லுல!"

தெருவுக்கே கேட்டது. அடுத்த வீட்டு ஷம்சாத் பேகம் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். சங்கரபாண்டி கம்பியை இறுகப் பிடித்தபடி, ஒரு கால் தரையிலும் ஒரு குதிகால் அந்தரத்திலுமாக அப்படியே நின்றான். மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு முன்னால் அடி எடுத்து வைத்து, மாடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூவரும் புறவாசலுக்கு ஓடி வந்தார்கள். கூடத்தில் படம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. பால் கொண்டுவந்தவள் யாரென்ற விஷயத்தை டிவிப் பெட்டி ஆளில்லாத கூடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

சங்கரபாண்டி இறங்கி வந்தான். யாரையும் பார்க்காமல் சுந்தரம்மாளின் முன்னால் வந்து நின்றான்.

"கெணத்துலயும் நீங்கதானா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். 

"மொதல்ல பலகை ஆடுச்சு. அதுக்குப் பொறவுதான் மேல இருந்து சத்தம் வந்துச்சு. 'இந்தாருங்க, இந்தாருங்க'ன்னு. எவனையோ கூப்பிடுதாகன்னு நான் நிமிந்து பாக்கல." அவன் நெற்றித் தழும்பைத் தடவினான். "இதே குரல்தான்."

"பலகை மொதல்ல ஆடிச்சால?" என்றாள் செண்பகவல்லி.

"ஆமாம்மா. இவுக சத்தம் அதுக்குப் பொறவு."

"வேற என்னல ஞாபகம் வருது?"

அவன் யோசித்தான். "வேற ஒண்ணும் வரல."

செண்பகவல்லி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மகனின் தலை எங்கே வந்து விழுந்திருக்கும் என்பது அதில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பச்ச மண்ணுகிட்ட போயி வெசத்தத் தேடிட்டனே... அந்தப் பூனைக்கு ஊத்துன பாலுக்கு எனக்கு எந்த நரகமோ. ஏட்டி, வைது தொலையேன், ஏன் இப்படி வாய மூடிட்டு நிக்க?"

"பேரச் சொல்லிட்டேன் அத்தை," என்றாள் சுந்தரம்மாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "'நில்லுல'ன்னும் சொல்லிட்டேன்."

"சொன்னதாலதான நிக்கான்," என்ற செண்பகவல்லி அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். சீனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அந்தப் பால்காரி ஆருன்னு தெரியாமப் போச்சே," என்று சண்முகையா முணுமுணுத்ததற்கு, அவர் பெண்டாட்டி அவரைப் பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அதே நான்கு பேர் கூடத்தில் இருந்தார்கள். இடம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. சுந்தரம்மாள் மாமியாருக்குப் பக்கத்தில் இருந்தாள். டிவிக்கு மேலே இருந்த கடிதத்தை எடுத்து, வேறு இன்லண்டு வாங்கிவரவா என்று கேட்டாள்.

"எதுக்கு? பாதி எடம் கெடக்குல்லா," என்றாள் செண்பகவல்லி. "அடிச்சிட்டுக் கீழ எழுது. கூட்டிட்டுப் போக வேண்டாம், வந்து பாத்துட்டுப் போகவும். வரும்போது மாடிக்குச் சுவர் கட்ட ஒரு கொத்தனாரையும் கூட்டியாரவும்."

"டிவி?"

"அது எங்க போவுது. அதையும் அடி."

சுந்தரம்மாள் ரூல்தடி வைத்துக் கோடு போட்டு அடித்தாள். கீழே எழுதினாள். ஓரங்களை மடித்தாள். அனுப்புநர் இடம் வந்தது. சண்முகையா பழக்கத்தில் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பேனாவை ஒருதரம் உதறிவிட்டு, புருஷன் பேரை முழுதாக எழுதினாள். அதற்குக் கீழே ஊர்ப் பேரையும் எழுதினாள். ஈரம் காயும்வரை ஊதினாள்.

பசை பிடிக்கவில்லை. செண்பகவல்லி ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கடிதத்தை ஒட்டினாள்.

"நான் போட்டுட்டு வாரேன்," என்று சங்கரபாண்டி கையை நீட்டினான். பஸ் ஸ்டாண்டுத் தபால்பெட்டி கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. அவனுக்கு வழி தெரியும். கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தான். "இது நீங்க எழுதினதா? எம் பேரு இவ்வளவு நல்லா இருக்குன்னு இப்பந்தான் தெரியுது."

"நீங்க என்னலே, நீங்க," என்று செண்பகவல்லி அதட்டினாள். "கட்டின பொண்டாட்டி. ஏட்டின்னு கூப்பிட்டுப் பழகு."

"இருக்கட்டும் அத்தை," என்றாள் சுந்தரம்மாள், டம்ளரில் இருந்த பாலை அவனிடம் நீட்டியபடி. "கொஞ்ச நாளைக்கு இப்படியே கூப்பிடட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு."

அவன் பாலை நின்றபடியே குடித்து முடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பூனை வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுச் சுவரில் ஏறியது. காலைத் தபால் எடுப்பதற்குள் கடிதம் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.