பூட்டு தொங்கினால் உள்ளே ஆள்

என் அக்காவைக் கட்டிக்கொண்டதைத் தவிர அத்தான் வாழ்க்கையில் உருப்படியாக எதையும் செய்ததில்லை. அந்தப் பெயின்ட் தொழிற்சாலையும் எங்கள் அப்பா வைத்துக் கொடுத்ததுதான். கலவைக் கூடத்துக்குப் புது சுவிட்சுகள் பார்த்துக் கொடுக்கச் சொல்லி மின்வேலை பார்க்கும் என்னை அவர் கூப்பிட்டபோது, அவர் முகத்துக்காக நான் போகவில்லை. அங்கே இன்னொரு ஆள் சாகக் கூடாது என்றுதான் போனேன்.

கூடத்துக்குள் நுழைந்ததும் பெயின்ட் கரைக்கும் தின்னரின் வாடை மூக்கில் அறைந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் வருடக்கணக்கான பெயின்ட் அப்பியிருந்ததால் நடுப்பகலிலும் உள்ளே மங்கிய பழுப்பு வெளிச்சம். நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஓர் இரும்புத் தொட்டி. அதன் தலையில் மோட்டார், வயிற்றுக்குள் கலக்கும் தகடுகள், வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாகச் சாய்த்த ஏணிகள்.

அந்தத் தொட்டிக்குள்தான் போன மழைக்காலத்தில் ஒருவன் செத்தான். ஒட்டிக் காய்ந்த பெயின்ட்டைச் சுரண்ட இறங்கியிருந்தான். தகடுகள் சுற்றிவிட்டன.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. உள்ளே இறங்குகிறவன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கைப்பிடியைத் திருப்பி, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

"பூட்ட மாட்ட மறந்துட்டான் மச்சான். அவன் கவனக்குறைவுக்கு நான் என்ன பண்றது?" என்றார் அத்தான், பல் குத்திக்கொண்டே.

இப்போது அதே வேலையைச் செத்தவனின் தம்பி செய்துகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். அண்ணன் மறந்துவிட்டான் என்று ஊரே சொன்னதைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறவனைப் போல, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான்.

அத்தான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சுவிட்ச் பெட்டிகளைப் பெருமையாகக் காட்டினார். பிளாஸ்டிக் பெட்டிகள்.

"எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள போகாது."

"உங்க கூடத்துல மழையா பெய்யுது அத்தான்? தின்னர் ஆவிதானே நிறைஞ்சிருக்கு?"

மனுஷன் விழித்தார். ஆவி எந்தப் பெட்டிக்குள்ளும் எப்படியும் புகுந்துவிடும். சுவிட்ச் விழும்போது வரும் பொறியில் பற்றிக்கொள்ளவும் செய்யும். அந்த வெடிப்பை வெளியே விடாமல் தன் வயிற்றுக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும் கனத்த இரும்புப் பெட்டிதான் இங்கே வேண்டும். இதைச் சுவருக்குச் சொல்லியிருந்தால் சுவருக்குப் புரிந்திருக்கும்.

அதைவிடக் கொடுமை, பழைய கைப்பிடி இருந்த இடம். தொட்டிக்குப் பக்கத்தில் இல்லை. அத்தானின் குளுகுளு அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியாது. தெரிந்தாலும் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

நான் அக்காவிடம் பேசி, அக்கா அவரிடம் பேசி, இரும்புப் பெட்டி வந்தது. தொட்டிக்குக் கையெட்டும் தூரத்தில் பொருத்தினேன். மேலே மோட்டாரைக் கிளப்பும் பச்சை பட்டன், கீழே மின்சாரத்தைத் துண்டிக்கும் கைப்பிடி, அதில் பல பேர் பூட்டு மாட்ட வரிசையாகத் துளைகள்.

"மூடிக்கு இத்தன போல்ட்டா? மூலைக்கு ஒண்ணு போட்டா போதாதா?" என்றார் அத்தான்.

"ஒண்ணு குறைஞ்சாலும் அந்த இடுக்கு வழியா நெருப்பு வெளிய வந்து உங்க மூஞ்சியத் தேடும்."

தம்பிக்காரன் முதல்முறையாகச் சிரித்தான்.

அன்று மதியம் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் அவன் தன் பித்தளைப் பூட்டை மாட்டிவிட்டு இறங்கிக் கடைசியாக ஒருமுறை சுரண்டினான். மேலே ஏறி வந்து, வியர்வையைத் துடைத்து, தன் பூட்டைக் கழற்றினான்.

பக்கத்துத் துளையில் இன்னொரு பூட்டு தொங்கியது.

சிவப்புப் பூட்டு. துருப்பிடித்தது. அதன் வளையம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. ஆனாலும் மூடியிருந்தது.

"இது உன்னுதா?" என்றேன்.

அவன் அந்த வளையத்தின் வெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணனோடது சார்."

பின்னால் வந்து நின்ற அத்தானின் வாயிலிருந்து வார்த்தை நழுவி விழுந்தது.

"அத அன்னிக்கே வெட்டிக் கடாசிட்டேனே!"



செத்தவன் மறக்கவில்லை. அவன் பூட்டு மாட்டித்தான் இறங்கியிருக்கிறான். இந்த மனுஷன் சரக்கு தாமதமாகிறதென்று அதை வெட்டி எறிந்துவிட்டு மோட்டாரைப் போட்டிருக்கிறார். பிறகு பழியையும் பிணத்தின் மேலேயே போட்டிருக்கிறார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கறக்.

தொட்டிக்குள்ளிருந்து.

கறக்... கறக்...

யாரோ நிதானமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாடகமா போடுறீங்க?" அத்தானுக்குக் கோபம் வந்தது. குட்டு வெளிப்பட்டவனின் கோபம். "உள்ள எவன்டா அது?"

ஏணியில் ஏறினார். உள்ளே இறங்கினார். கைப்பிடியில் தனக்கென்று ஒரு பூட்டு மாட்டிக்கொள்ளும் புத்திகூட இல்லை. இத்தனை வருடம் முதலாளியாக இருந்து அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

சுரண்டும் சத்தம் நின்றது.

"இங்க யாருமே இல்லையே" என்று தொட்டிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

சிவப்புப் பூட்டைக் காணவில்லை.

மேலே பச்சை பட்டன், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல் உள்ளே போயிருந்தது. கீழே கைப்பிடி மெல்ல, மிக மெல்லத் திரும்பத் தொடங்கியது.

பாய்ந்து பிடித்தேன். இரும்பு சுட்டது. என் பிடிக்கு எதிராக இன்னொரு பிடி. பெயின்ட் சுரண்டிக் காய்த்துப்போன கையின் பலம். உடம்பையெல்லாம் சாய்த்துத் தள்ளியும் அது என்னை வென்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு விரல் அகலம் நகர்ந்தால் தகடுகள் சுற்றிவிடும்.

"பூட்டு!" என்று கத்தினேன். "உன் பூட்ட மாட்டு!"

தம்பிக்காரன் கையில் பித்தளைப் பூட்டு இருந்தது. அவன் தொட்டியைப் பார்த்தான். அண்ணனைக் கொன்றவர் உள்ளே ஏணியைத் தேடித் தடவும் சத்தம் கேட்டது. அவன் பூட்டாமல் விட்டிருந்தாலும் நான் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். அன்றும் சரி, இன்றும் சரி.

அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"உள்ள ஆள் இருக்குண்ணே" என்றான். என்னிடம் அல்ல. "அது எவனா இருந்தா என்ன. உள்ள ஆள் இருக்கு. விட்டுடுண்ணே."

பிடி ஒரு கணம் தளர்ந்தது. கைப்பிடி பின்னுக்கு வந்தது. அவன் பூட்டை நுழைத்து அழுத்தினான்.

டக்.

அந்தக் கை விலகியது. வெட்டி எறிய அது அத்தான் இல்லையே.

அத்தான் ஏறி வந்தபோது பேன்ட் நனைந்திருந்தது. எங்கள் யாரையும் பார்க்காமல் காரை நோக்கி ஓடினார். அன்று மாலையே அக்காவிடமும் போலீஸிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

ஆனால் அவர் ஓடிய பிறகு நடந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பிக்காரன் தன் பித்தளைப் பூட்டைத் திறந்து எடுத்தான். நானும் அவனும் வெளியே நின்றோம். வேறு ஆள் யாரும் அங்கே இல்லை.

அதே துளையில் சிவப்புப் பூட்டு தொங்கியது. வளையத்தில் வெட்டின தடமே இல்லை.

தொட்டிக்குள் மறுபடி சுரண்டத் தொடங்கியது.