மதியம் ரெண்டு பத்து

ஷேர் ஆட்டோ ரங்கையா என்னை இறக்கிவிட்டுத் திரும்பியபோது காலை பதினொரு மணி. வரதய்யபாளையத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்களை நம்பி வரிசையாகக் கட்ட ஆரம்பித்து, மூன்றோடு நின்றுபோன வீடுகள். இரண்டு காலி. மூன்றாவதன் கதவில் பூட்டுத் தொங்கியது.

ஆள் இல்லை போலிருக்கிறது என்று போனை எடுத்தேன். அதற்குள் பைக்கில் வந்துவிட்டார் ஹரிபிரசாத். முப்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத கம்பெனிச் சட்டை.

"கௌசிகா மேடம்தானே? சத்தியவேடு கம்ப்யூட்டர் சர்வீஸ்?" என்றபடி பூட்டைத் திறந்தார். "ரோஜா, தண்ணி எடுத்தா."

உள்ளே ஆள் இருந்தது.

நான் பூட்டையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "குரங்குத் தொல்லை மேடம். கதவத் தள்ளிக்கினு வந்துருது."

அவர் மனைவி ரோஜா சொம்போடு வந்தாள். இருபத்து மூன்று வயதைத் தாண்டாது. என்னிடம் சொம்பை நீட்டும்போதும் கண் அவர் மேல்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் பின்னறையில். பழைய டெஸ்க்டாப். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனதாம். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் ஜெகநாதன் சொன்னாராம். ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். ஈரத்துணியைக் காயப்போடாமல் மூட்டையாகக் கட்டிவைத்தது போல அந்த மூலையில் ஒரு வாடை.

"தினமும் ஸ்கிரீன் நீலமாகி நின்னுருது மேடம். நானே ரிப்பேர் போட்டுப் பார்த்தேன். முடியலைன்னு சொல்லுது."

விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களைத் தானே சோதித்து, கெட்டுப்போனதை எடுத்துவிட்டு நல்ல நகலை வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கறுப்புக் கட்டளைத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும். அடித்தேன். எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது. நிறைய நேரம் கழித்து, சில ஃபைல்களைச் சரிசெய்ய முடியவில்லை என்று காட்டியது.

பதிவைத் திறந்து பார்த்தேன். கெட்டிருந்தது ஒரே ஒரு ஃபைல். பாஸ்வேர்டு சரியா என்று பார்க்கும் ஃபைல்.

ரோஜா சமையலறைக்குப் போனதும் ஹரிபிரசாத் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"மேடம், மெதுவா கேளுங்க. நான் வேலைக்குப் போனதும் யாரோ இத ஆன் பண்றாங்க. இவளுக்குப் பாஸ்வேர்டு சொல்லல நான். யார்கூட சாட் பண்றான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டது."

"பார்க்கிறேன் சார்" என்றேன். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

என் பென் டிரைவிலிருந்து நல்ல நகலைக் கொடுத்து மறுபடி ரிப்பேர் போட்டேன். இந்தத் தடவை நூறு. எந்தக் கோளாறும் இல்லை. அவர் வாட்சைப் பார்த்தார்.

"கம்பெனிக்குப் போய் ஒரு கையெழுத்து போட்டுட்டு மூணு மணிக்கு வந்துர்றேன்."

பைக் கிளம்பும் சத்தம் வரவில்லை. அதற்கு முன்னால் வேறொரு சத்தம் வந்தது.

பூட்டு மாட்டும் சத்தம்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "சார், நான் உள்ள இருக்கேன்!"

"குரங்கு வரும் மேடம்" என்றார் வெளியிலிருந்து.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஜன்னல்களில் கம்பி. பின்கதவு என்று ஒன்று இல்லவே இல்லை.

ரோஜா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் என்ன கேட்டாரு உங்கள?"

"நீ கம்ப்யூட்டர் தொடுறியான்னு."

"தொட்டேன்னு சொல்லிருவீங்களா?"

"தொட்டியா?"

"அத ஆன் பண்ணவே தெரியாது எனக்கு."

நான் நம்பவில்லை. அவளும் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. திரும்ப வந்து உட்கார்ந்து, சும்மா இருப்பானேன் என்று மறுபடி ஒரு சோதனை போட்டேன். அதே ஃபைல் மறுபடி கெட்டிருந்தது. சரிசெய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அறைக்குள் யாரும் வரவில்லை.

கம்ப்யூட்டர் எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்ற கணக்கை எடுத்தேன். மதியம் ரெண்டு பத்துக்குத் திறந்து, ரெண்டு நாற்பதுக்கு மூடியிருந்தது. நேற்று. முந்தாநாள். போன வாரம். போன மாசம்.

"ரோஜா, இந்த வீட்டுக்கு நீங்க எப்ப வந்தீங்க?"

"கல்யாணம் ஆகி நேரா இங்கதான்க்கா. தை மாசம்."

"அதுக்கு முன்னாடி?"

"எட்டு மாசம் பூட்டியே கெடந்துச்சாம். கரண்டுகூடப் புடுங்கிட்டாங்களாம். இவர் வந்துதான் திரும்பப் போட வெச்சாரு."

அந்த எட்டு மாசமும் கணக்கில் இருந்தது. ஒரு நாள் விடாமல். ரெண்டு பத்து.

போனில் மணி பார்த்தேன். ஒன்று ஐம்பத்தெட்டு.

கம்ப்யூட்டரை அணைத்தேன். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு ரோஜாவைக் கூட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்கு அல்ல. அவள் கை எங்கேயும் போகக்கூடாது என்றுதான்.

"நீங்களும் சந்தேகப்படறீங்க" என்றாள்.

நான் பிடியைத் தளர்த்தவில்லை. வெளியே மயில் ஒன்று அகவி நின்றது. கூரை வெயிலில் விரியும் சத்தம் மட்டும்.

அந்த ஈரத்துணி வாடை சமையலறைக்குள் வந்தது.

பின்னறையில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கம்ப்யூட்டரின் சின்ன ஃபேன்.

ரோஜாவின் கைகள் என் கைக்குள்தான் இருந்தன.

பிறகு கீபோர்டு. ஒவ்வொரு எழுத்தாக. தட்டச்சு தெரியாதவர்கள் ஒரு விரலால் தேடித் தேடி அடிப்பார்களே, அப்படி.

"தினமும் கேக்கும்" என்று ரோஜா கிசுகிசுத்தாள். "சொன்னா நம்ப மாட்டாரு. எவன்கிட்ட கத்துக்கினேன்னு கேப்பாரு."

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். ஒயர் வைத்த இடத்திலேயே சுருட்டிக் கிடந்தது. திரை எரிந்தது. பாஸ்வேர்டு கேட்கவேயில்லை. வெள்ளைப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தெலுங்கு வரிகள்.

தலுப்பு தீயண்டி. தலுப்பு தீயண்டி. தலுப்பு தீயண்டி.

கதவைத் திறங்க.

நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அதன் ரெக்சின் மெத்தை, ஒருவர் உட்கார்ந்தால் அமுங்குமே, அந்த மாதிரி அமுங்கியிருந்தது. கீபோர்டு பட்டன்கள் தாமாக இறங்கி ஏறின.

ரோஜாவும் என் பின்னால் வந்து நின்றதும் தட்டுவது நின்றது.

நாற்காலி மெல்லத் திரும்பியது. எங்களைப் பார்த்து.

பிறகு அடித்ததெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. வெற்றுப் பக்கத்தில் புதிதாக இரண்டே வார்த்தைகள்.

மீரு வெள்ளண்டி.

நீங்க போங்க.

முன்கதவுப் பக்கம் இரும்பு ஏதோ விழுந்தது. பையைக்கூட எடுக்காமல் ரோஜாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே பூட்டு பூட்டினபடியே, கொண்டியோடு தரையில் கிடந்தது. கொண்டியின் நான்கு ஸ்க்ரூவையும் வாசற்படியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. உள்ளேயிருந்து கை எட்டாத இடத்து ஸ்க்ரூக்கள். சுற்றிலும் ஆள் இல்லை.

மெயின் ரோட்டில் ரங்கையாவே திரும்ப வந்தார். எங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். பிறகு கண்ணாடியில் பார்த்து, "அந்த வூட்லேர்ந்து ஒரு பொம்பள நடந்து வெளிய வந்து இப்பதான் பாக்கறேன். முன்னால உள்ள வெச்சுப் பூட்டியிருந்த அம்மா பொணமா ஆம்புலன்ஸ்லதான் வந்துச்சு" என்றார்.

ரோஜாவின் அப்பா பாலசமுத்திரத்தில் இருக்கிறார். "நைனாகிட்ட போனா மறுநாளே கொண்ணாந்து இங்க விட்ருவாரு" என்றாள். அதனால் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஹரிபிரசாத் போன் செய்து கத்தினார். ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தது நீதானே, எவன் அனுப்பினான் உன்னை, எத்தனை நாளாகத் திட்டம் என்றார். நடந்ததை ஒரு தடவை சொன்னேன். பிறகு அவர் எண்ணிலிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை.

நான்காம் நாள் காலை. ரோஜாவும் நானும் இட்லி தின்றுகொண்டிருந்தோம். வேறு ஏதோ எண்ணிலிருந்து போன். கையில் சட்னி, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், ஹரிபிரசாத்." குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு ஏதேதோ பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க. ரோஜா நேத்து மதியம் ரெண்டு பத்துக்கே வந்துட்டா."

எதிரில் ரோஜா கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டாள்.

"யாரு வந்துட்டா?" என்றேன்.

"ரோஜாதான் மேடம். முன்னமாதிரி இல்ல. கேட்டதுக்கெல்லாம் சரின்றா. இருங்க, உங்ககிட்ட பேசணுமாம். குடுக்கறேன்."

போன் கை மாறியது. மூச்சு கேட்டது.

"கௌசிகாக்கா, சாப்ட்டீங்களா?"

என் எதிரில் உட்கார்ந்திருந்த ரோஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது அவளுடைய குரல்.