ஆளில்லாத படம்

மூடிக் கிடந்த ஆஸ்பத்திரியின் பழைய வார்டுக்குள் டிசைனர் நுழைந்தபோது வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்திருந்ததால் கும்மிருட்டு. எத்தனை வாளி ஊற்றிக் கழுவினார்களோ, ஃபினாயில் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை போகாமல் கிடந்தது. அவளுக்கு அது மூக்கில் ஏறவே இல்லை. நாளை இந்த இடம் குழந்தைகளுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்போகிறது. அதில் முதல் சுவர் அவளுடையது. அந்தச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

சுவர் முழுக்கக் கடல். எதிரே ஆள் வந்து நின்றால் மேலே மாட்டிய கேமரா இருட்டிலும் பார்த்துவிடும். உடனே நீல மீன்கள் கூட்டமாக வந்து அந்த ஆளின் உருவத்திலேயே சுவரில் மொய்க்கும். கையை ஆட்டினால் அவையும் ஆடும், ஓடினால் கூடவே ஓடும். ஆறு மாதமாக மூச்சுக்கு முந்நூறு தடவை இதே பேச்சுத்தான். கூட வேலை பார்த்தவர்கள் அவளைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அவள் அண்ணன், எலெக்ட்ரீஷியன். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன். அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே சொந்தம். கொட்டாவி விட்டபடிதான் கேட்பான், ஆனாலும் கேட்பான்.

"வயர் வேலை முடிஞ்சுது பாப்பா. உன் மீனைக் காட்டு," என்றான் வார்டுக்குள் காத்திருந்த அண்ணன்.

"முதல்ல வெளிய வா. ஆளில்லாத ரூமை ஒரு படம் எடுக்கணும். அந்தப் படத்துல இல்லாதது எது வந்தாலும் ஆளுன்னு எடுத்துக்கும்."

"படத்துலயே இருந்துட்டா?"

"அப்ப அதுவும் தரை மாதிரி, சுவர் மாதிரி. கண்டுக்காது."

இருவரும் வெளியே வந்தார்கள். மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினாள். படம் பதிந்தது.

உள்ளே போய் நின்றதும் மீன்கள் பாய்ந்து வந்தன. அவள் குதித்தாள், சுற்றினாள், கைகொட்டிச் சிரித்தாள். அண்ணன்கூடக் கொட்டாவியை மறந்து ஒற்றைக் காலில் நின்று பார்த்தான்.

அப்போது சுவரின் கோடியில், கடைசி ஜன்னலுக்கு நேராக, மீன்கள் கூடின.

அங்கே யாரும் இல்லை.

சுவரில் மட்டும் ஓர் உருவம் நின்றது. அண்ணனைவிட ஒரு முழம் உயரம். கைகள் முழங்காலைத் தாண்டித் தொங்கின.

"பயப்படாத, இது எப்பவும் வர்ற கோளாறுதான்," என்றாள் உற்சாகம் குறையாமல். "படம் எடுக்கும்போது அங்க ஏதோ நின்னிருக்கு. அதையும் சேர்த்து காலி ரூம்னு மெஷின் நம்பிடுச்சு. இப்ப அது நகர்ந்ததும் அந்த இடம் மாறிப்போச்சு. அதான் மீன் வருது."

அண்ணன் சிரிக்கவில்லை.

"நாம ரெண்டு பேரும் வெளியதான இருந்தோம்?"

கோளாறு என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மறுபடி அண்ணனை வெளியே இழுத்துவந்து இன்னொரு படம் எடுத்தாள். உள்ளே போனதும் உருவம் சுவரின் நடுவில் தெரிந்தது. இன்னொரு படம். இந்தத் தடவை கதவுக்கு நேராக. பொத்தானைத் தட்டும் தன் விரல்தான் ஒவ்வொரு தடவையும் அதைச் சுவரோடு சுவராக மறைத்து வைக்கிறது என்று அந்தப் பெரிய புத்திசாலிக்கு உறைக்க நேரமாயிற்று. மறைந்து நின்றபடியே அது நெருங்கி வந்திருக்கிறது.

"பாப்பா," அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "முன்னாடி நின்ன இடம் தெரியுது. சரி. இப்ப எங்க நிக்குதோ அங்கயும் மீன் வரணுமே?"

வந்திருந்தது.

சுவரில் அண்ணனின் உருவம் இருக்க வேண்டியதைவிட அகலமாக இருந்தது. அவன் தோள்களுக்கு மேலாக இன்னும் இரண்டு கைகள், நீளமாக, அவன் மார்பில் கோத்திருந்தன.



மீன்கள் வயிற்றைக் காட்டிப் புரளத் தொடங்கின. செத்த மீன் எதையும் அவள் வரைந்து வைக்கவில்லை. அண்ணனின் பாதம், முழங்கால், இடுப்பு என்று வரிசையாகச் செத்து உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் வெறும் கடல்.

"அண்ணா, அசை. கொஞ்சம் அசையேன்."

"அசைஞ்சுகிட்டுதான இருக்கேன்."

உண்மைதான். இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். சுவரில் அவன் இல்லை.

அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். கை ஐஸாகக் குளிர்ந்தது. பின்னால் பிளாஸ்டர் உதிர்வது போல் ஒரு சத்தம், நிதானமாக, காலடிக்குக் காலடி கூடவே வந்தது. முன்வாசலில் ஆள் கிட்டே வந்தால் தானாகத் திறக்கும் புதுக் கண்ணாடிக் கதவு. திறந்தது. படி இறங்கி நாலைந்து எட்டு ஓடிய பிறகுதான் கையில் கை இல்லை என்று தெரிந்தது.

கதவு இருவருக்கும் நடுவில் மூடியிருந்தது. அண்ணன் உள்ளே நின்றான். கையை ஆட்டினான், முன்னே பின்னே நடந்தான், கண்ணாடியைத் தட்டினான். கதவு அவனைச் சட்டை செய்யவில்லை.

"உன் மெஷினுக்கெல்லாம் என்னைப் பிடிக்கல போல," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிக்கப் பார்த்தான்.

வெயிலைப் பார்த்ததில் அவளுக்குத் தைரியம் திரும்பியிருந்தது. நாலைந்து எட்டுத் தூரம்தானே.

"அங்கயே நில்லுண்ணா. அசையாத. நான் கிட்ட வந்தா திறக்கும்."

அவன் நின்றான். தங்கை சொன்னால் கேட்கிறவன்.

அவள் ஓர் எட்டுகூட வைக்கவில்லை. கதவு திறந்தது.

ஓர் ஆள் நிதானமாக வெளியேறும் நேரம் திறந்தே இருந்துவிட்டு மூடியது. ஈரக் குளிர் ஒன்று அவள் தோளை இடித்துத் தள்ளிவிட்டுத் தெருப்பக்கம் போயிற்று. தடுமாறித் திரும்பிப் பார்த்தாள். வெயிலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

மறுபடி கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவள் ஓடியதும் கதவு மறுக்காமல் திறந்தது. நீளக் கூடம் கடைசி வரை வெறிச்சோடிக் கிடந்தது. ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூடக் கிடையாது. தொண்டை கிழிய "அண்ணா" என்று கத்தினாள்.

பதில் அவள் காதோரத்திலேயே வந்தது.

"எதுக்குக் கத்துற? இங்கதான நிக்கிறேன். நீதான அசையாதன்னு சொன்ன."