அவள் காதால் கேட்ட பாட்டு

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள் லிஃப்டில் ஒரு மாடி கூடுதலாக அழுத்திவிட்டாள். அது போதாதா... கதவு திறந்ததுமே ஒருவன், "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எதுக்கு?"

"காது அளவு எடுக்கத்தான்."

"நான் கீழ் மாடி இசைப் பள்ளி வயலின் டீச்சர். என் காதுக்கு என்ன குறைச்சல்?"

அவன் திருதிருவென்று விழித்தான். வேறு யாரோ வரவேண்டியதாம். இமைகளில் மழைத்துளி நிற்க அவள் முறைத்த முறைப்பில், பாவம், கையிலிருந்த மைக்கைக் கீழே போட்டுவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் எப்படிக் கிளம்புவது... மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது ஹெட்போன் தயாரிக்கும் கம்பெனி. அவன் அங்கே இன்ஜினியர். மற்ற ஹெட்போனில் பாட்டு மண்டைக்குள்ளேயே ஓடும். இவர்களுடையதில் பாடகி எதிரே நிற்பாள், புல்லாங்குழல் இடப்பக்கம் ஒலிக்கும், டிரம்ஸ் முதுகுக்குப் பின்னால் அதிரும்.

"உள்ள இருக்கிறது ரெண்டே ஸ்பீக்கர்தான் டீச்சர். மத்ததெல்லாம் உங்க காதை ஏமாத்துற வேலை. ஆளுக்கு ஆள் காது மடல் வேற இல்லையா... ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்குச் சேராது."

அவள் காதில் சின்ன மைக் வைத்து அளவெடுத்தான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பாட்டைப் போட்டான். பாடகி நிஜமாகவே எதிரில் வந்து நின்றாள். கேட்டுக்கொண்டிருந்தவள் கண்களை மூடிக்கொண்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"அப்பப்ப வந்து கேட்டுச் சொல்றீங்களா? வயலின்காரங்க காது கிடைக்கிறது எங்களுக்குக் குதிரைக்கொம்பு."

"ரொம்பத்தான் ஐஸ் வைக்கிறீங்க" என்றாள். ஆனால் மறுபடி போனாள். அதற்கப்புறமும் போனாள்.

அன்று போனபோதுதான் அது நடந்தது. அதே நாற்காலி, அதே பாட்டு. பாடகி மட்டும் எதிரே இல்லை... பின்னாலிருந்து பாடினாள்.

"எங்க கேக்குது டீச்சர்?"

"பின்னால..."

"சரியாப் போச்சு. முன்னாடி நிக்கிறவங்களப் பின்னாடி தேடுறீங்களே, கவனமெல்லாம் எங்க இருக்கு?" அவன் விளையாட்டாகத்தான் கேட்டான்.

அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது... அவரும் வயலின் வாசித்தவர்தான். எதிரே நின்று அம்மா கூப்பிட்டால் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வீடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கொஞ்ச நாளில் யார் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கவில்லை.

"இனிமே நான் வரல" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. தன்னைக் குத்திக் காட்டிச் சிரித்தவனிடம் போய் அழுவதா?

அதன்பிறகு பயம் அவளோடு கூடவே நடந்தது. ரோட்டோரம் நின்றால், ஹார்ன் சத்தம் எந்தப் பக்கம் என்று சந்தேகம். வகுப்பில் குழந்தை வாசிப்பது சுருதி விலகுகிறதா, தன் காதுதான் விலகுகிறதா... ஒரு நாள் அம்மா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். யோசனையில் இருந்ததாலா, இல்லை அதுவா? டாக்டரிடம் போகவும் துணிச்சல் இல்லை. அவர் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் தப்பிக்க வழி ஏது?

காது போனவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பாள்... மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் தானே வேலையை விட்டு விலகிவிடுவது மேல் என்று முடிவு செய்தாள். இசைப் பள்ளி மேடத்தின் அறைக் கதவைத் தட்டக் கை ஓங்கியபோது, படியில் யாரோ தடதடவென்று ஓடிவந்தார்கள். அவன்தான். மூச்சு வாங்க, கையில் ஹெட்போனும் போனுமாக நின்றான்.

"டீச்சர்... இதப் போட்டுப் பாருங்க."

"வேண்டாம்."

"அன்னைக்கு உங்களுக்குக் கோவம்னு நெனச்சேன். இல்ல... அது பயம். இப்பதான் புரிஞ்சுது. ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்."

போடவும் பயம், போடாமலிருக்கவும் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு மாட்டினாள். ஒரு கணம் ஒன்றுமே இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. பிறகு பாட்டு தொடங்கியது... பாடகி எதிரே நின்றாள்.

கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் போனில் பாட்டை நிறுத்தினான்.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கு உங்களுக்கு ஓடினது என்னோட அளவு. மாறிப்போச்சு, இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். தப்பு என்னுது."

"எப்படி மாறும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்க அளவ எடுத்து என் ஹெட்போன்ல போட்டிருந்தேன். திருப்பி வெக்கும்போது..."

"எதுக்குப் போட்டீங்க?"

வெளியே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"நீங்க கண்ண மூடிக் கேட்டீங்களே... அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசை. எனக்குச் சரியாவே கேக்கல. பாடகி எங்கயோ கூரை மேல நின்னாங்க. ஆனாலும் தினம் கேட்டேன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் அழுதாள். நிம்மதியா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாவி... நான் எப்படிப் பயந்தேன் தெரியுமா? காது போறதுக்குள்ள யார் குரலையெல்லாம் மனசுல பிடிச்சு வெச்சுக்கணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அம்மா குரல், என் வகுப்புப் பிள்ளைங்க குரல். அப்புறம்..."

"அப்புறம்?"

"உங்க மேல அவ்வளவு கோவம். ஆனாலும் உங்க குரல விட்டுட மட்டும் மனசு வரல."

அவள் ஹெட்போனைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கண்களால் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசுங்களேன்... கேக்கணும்."