எஞ்சின் ஆறட்டும்

சைலன்சர் முனையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் நாலு சொட்டு வருவது சகஜம்தான், முப்பது வருஷமாக ஸ்பானர் பிடிக்கிற சூசைநாதனுக்கு அது தெரியாதா? ஆனால் இன்று அவன் இன்னும் சாவியையே தொடவில்லை. விரலில் ஏந்தி மோந்து பார்த்தான். ஏரிப் பாசி வாடை. நாலு நாளாகத் தூங்காதவன் மூக்கு எதைத்தான் ஒழுங்காகச் சொல்லும் என்று கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. இடுப்புக்கு மட்டும் அறுபது. பாகூர் ஏரிக்கரையிலிருந்து இறங்கும் வாய்க்கால் ஓரத்தில் அவன் ஷெட். ஷெட்டின் பின்பக்கம் ஒட்டினாற்போல் வீடு.

வண்டி, கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகமது பழைய வண்டியாக வாங்கிய வெள்ளைக் கார். அவர் மனைவி மெஹர் நிஷாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியும் முன் கிளம்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் வண்டி உதறும், மீட்டர் முள் மேலும் கீழும் ஆடும், சில நாள் அணைந்தே போகும். மூன்று நிமிடம் சூடேறிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஆறிய எஞ்சினில் மட்டும் வரும் கோளாறை ஆறிய எஞ்சினில்தான் பிடிக்க முடியும். ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்பு.

"எஞ்சின் ஆறட்டும் பாய், காலைல வாங்க" என்று சொல்லி வாங்கி வைத்தான். யார் எப்போது வந்தாலும் அவன் வாயில் முதலில் வருவது அந்த வாக்கியம்தான்.

முதல் நாள் பிளக் மாற்றினான். மறுநாள் எஞ்சினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியைக் கழுவினான். நேற்று சென்சாரை மாற்றினான். இனி மாற்ற ஒன்றும் பாக்கியில்லை.

அவன் மனைவி சகாயராணி டிபன் டப்பாவோடு வெளியே வந்தாள். கம்பெனி பஸ் ஐந்தரைக்கு.

"இன்னாய்யா, இன்னிக்காவது குடுத்துடுவியா? அந்தம்மாவுக்கு மூஞ்சியெல்லாம் ஊதிப்போய்க் கெடக்குதாம்."

"குடுத்துடுவேன். நீ போ, பஸ்சு பூடும்."

"நீ தூங்கி எத்தினி நாளாவுது?"

அவள் செருப்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. பானட்டைத் தூக்கிவிட்டு, கதவு வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் பிடித்தது, உடனே உதற ஆரம்பித்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்து, பெட்ரோல் நெடியும் அந்தப் பாசி வாடையும் கலந்து மூச்சை அடைக்க, கண்ணை மூடிக் கேட்டான். எஞ்சினுக்குள் எது தட்டுகிறதென்று இப்படித்தான் அவன் கண்டுபிடிப்பான்.

டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

நாலு நாளாக இதே தட்டல். எஞ்சின் தட்டினால் விடாமல் தட்டும், இப்படி மூச்சு வாங்கிக்கொண்டு தட்டாது. முனையை நகர்த்தினான். முன்பக்கம் சத்தம் குறைந்தது, பின்பக்கம் கூடியது. இரும்பிலிருந்து இரும்பாக நகர்த்தி, கடைசியில் டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடியில் வைத்தான். அங்கேதான் தெளிவாகக் கேட்டது.

அவனுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். கதவு ரப்பருக்கு அடியில் வெள்ளைப் பெயிண்ட் படாத இடத்தில் நீலம் எட்டிப் பார்த்தபோதே தெரியும்.

போன வருஷத்துப் புயல் ராத்திரி இந்த ஷட்டரை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு, இடைவெளி, ஒன்று. வண்டி நின்றுபோச்சு என்று ஒரு குரல் கத்தியது. நாளெல்லாம் உழைத்த அசதி. கட்டிலில் கிடந்தபடியே வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். விடிந்ததும் வாய்க்காலில் ஒரு நீலக் காரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே ஒருத்தர், மழைக்குத் திரும்பிப் போய் ஏறியவர், உயிரில்லாமல். தட்டல் கேட்டதைச் சூசைநாதன் யாரிடமும் சொல்லவில்லை, சகாயராணியிடம்கூட. வெட்கமாக இருந்தது. இந்தம்மா வண்டியையாவது நடு ரோட்டில் நிற்க விடக் கூடாது என்றுதான் நாலு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறான்.

சத்தம் இறங்கியது. எஞ்சின் அணையப் போகிறது. அணையப் போகிற வண்டியைக் கண்டால் எந்த மெக்கானிக்குக்கும் கால் ஆக்சிலரேட்டரைத் தேடும். யோசிக்காமல் சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதித்தான்.

கதவு சாத்திக்கொண்டது.

லாக் இறங்கியது.

எஞ்சின் நின்றது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விடிந்துகொண்டிருந்த வானம் எங்கே போயிற்று? கண்ணாடியில் மழை. தகரக் கூரைக்குக் கீழே மழை. சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. கண்ணாடி பட்டனை அழுத்தினான். இறங்கவில்லை. பாதத்தில் ஜில்லென்றது.

ஸ்டூல் மேல் வைத்திருந்த போன் அடித்தது. பாயாகத்தான் இருக்கும். அடித்தது. அடித்து ஓய்ந்தது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பாசி வாடை. கதவைத் தோளால் இடித்தான். அசையவில்லை.

எதிரே வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான். அவனுடைய கட்டில். அவனுடைய போர்வை. அவனுடைய முகம். கண் திறந்துதான் இருந்தது.

சூசைநாதன் கண்ணாடியைத் தட்டினான். மூன்று முறை. மூச்சு வாங்கினான். இன்னொரு முறை.

"எஞ்சின் ஆறட்டும்பா" என்றது அந்த அசதிக் குரல். "காலைல வா."

தண்ணீர் மார்புக்கு ஏறியது. அவன் மறுபடி தட்டினான். கட்டிலில் கிடந்தவன் சுவர்ப்பக்கம் புரண்டு, போர்வையைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டான்.