மடிக்கக் கூடாத சொக்கா

“அந்தோணி சட்டையைக் காணோம் சார்!” என்று கோதண்டம் வந்து நின்றபோது, துப்பறிவாளர் பரசுராமன் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. உதவியாளன் வேம்புதான் துள்ளி எழுந்தான். ராயபுரம் ஆங்கர்ஸ் ஹாக்கி அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியே வளர்ந்தவன் அவன்.

அந்தோணி அந்த அணியின் முதல் கோல்கீப்பர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உடைந்த விரலோடு நின்று முதல் கோப்பையை வாங்கித் தந்தவர். அவர் சட்டை வீரர்களின் அறையில் ஹேங்கரில் தொங்கும். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் வெறுங்காலோடு போய் அதைத் தொடுவார்கள். மடிக்க மட்டும் கூடாது. மடித்தால் அணி முடிந்தது என்று அர்த்தம்.

கோதண்டம், அணியை வாங்கிய கம்பெனியின் மேலாளர். இன்றைய ஆட்டத்தோடு பெயரை மாற்றி, அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக் கம்பெனி ஷோரூமுக்கு அனுப்புவார்களாம். வயிறு எரியாதா?

“அறைச் சாவி அந்தோணி மகள் ஐரீனிடம்தான் இருக்கிறது. ஆட்டத்துக்குள் கிடைக்காவிட்டால் அந்தம்மா மேல் போலீஸில் புகார் கொடுப்பேன்” என்றார் கோதண்டம்.

மூவரும் மைதானத்துக்குப் போனார்கள். காலை மழையில் வீரர்களின் அறை வாசலெங்கும் சேறு. உள்ளே தரையில் ஒரே ஒருவரின் ஷூ தடம், அது கோதண்டத்துடையது. ஹேங்கர் காலியாகத் தொங்கியது. “கேட்டில் எல்லார் பையையும் பிரித்துப் பார்த்தாயிற்று. வெளியே போகவில்லை” என்றார் அவர்.

வெளியே வராந்தாவில் வீரர்கள் பனியனோடு விசிறிக்கொண்டிருக்க, கோல்கீப்பர் பிராங்கிளின் மட்டும் மார்புக் கவசத்தை இறுக்கிக் கட்டி உட்கார்ந்திருந்தான்.

“ஆட்டத்துக்கு இன்னும் நேரம் கீதே மாமு? வேர்த்து ஊத்துது பாரு” என்றான் வேம்பு.

“எப்பவும் இப்டித்தான், பயக்கம்” என்றான் பிராங்கிளின்.

ஐரீன் கையைக் கட்டி நின்றாள். “காலைல எல்லாருக்கும் கதவத் தொறந்து வுட்டேன், அவ்ளோதான். நான் எடுக்கல. எடுத்திருந்தா நெஞ்ச நிமித்திக்கினு சொல்லியிருப்பேன்.”

பரசுராமன் எல்லோரையும் பார்த்துப் பேசினார். “எடுத்தவர் இந்தச் சேற்றிலும் செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். அப்படியானால் இந்த அணியின் ஆள். அவருக்குச் சட்டையை மடிக்க மனசு வராது. பையில் திணிக்கவும் மாட்டார். மடிக்காத சட்டையை எங்கே ஒளிப்பது?”

வேம்பு தலையில் அடித்துக்கொண்டான். “அடச்சே! உடம்புல!”

பிராங்கிளின் எழுந்து கவசத்தை அவிழ்த்தான். உள்ளே வெளுத்த நீலச் சட்டை. “ஆமா, நான்தான் எடுத்தேன். ஐரீன்க்காவ வுட்டுடு, என்னைப் புடி. ஆனா இத்த எவன் மடிக்கிறான்னு நானும் பாக்கறேன்!”

கோதண்டம் போனை எடுத்தார்.

“ஒரு நிமிஷம். இந்தச் சட்டையை யாரிடம் வாங்கினீர்கள்?” என்றார் பரசுராமன்.

“அணியோடு வந்தது.”

“இன்னாது?” ஐரீன் முன்னே வந்தாள். “அது எங்க நைனா சொக்கா. மாட்டி வெக்கக் குடுத்தேன், விக்கக் குடுக்கல!”

“அப்படியானால் சொந்தக்காரர் நீங்கள்தான் அம்மா. திருட்டு என்று புகார் சொல்கிறீர்களா?”

“திருட்டா? டேய் பிராங்கிளின், கழட்டாத. போட்டுக்கினே போய் ஆடு!”

வீரர்கள் வெறுங்காலோடு வரிசையில் வந்து பிராங்கிளினின் தோளைத் தொட்டார்கள். வேம்பும் வரிசையில் புகுந்துகொண்டான். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

“கம்பெனிக்கு நான் என்ன சொல்வது?” என்றார் கோதண்டம்.

“சட்டை கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள்” என்றார் பரசுராமன். “கோலுக்கு முன்னால் நிற்கிறது. முடிந்தால் வந்து மடிக்கட்டும்.”