கடைசி அரைநொடி

எட்டாம் பாறைக்கு மேலே, நாலாயிரம் மீட்டர் உயரத்தில், சங்குமடை ஊரின் இரண்டாவது விமானத்தை ஜெசிந்தா சுட்டு வீழ்த்தினாள். புன்னைத்துறை சமுதாயக் கூடத்தில் கூடியிருந்த சனம் 'ஓ'வென்று எழுந்தது. அவள் காதில் எதுவும் விழவில்லை. கூடத்து மேடையில், கண்ணாடி அறைக்குள், நிஜ நாற்காலியில் உட்கார்ந்து நிஜமில்லாத வானத்தில் பறந்துகொண்டிருந்தாள்.

அவளோடு கிளம்பிய இருவரும் விழுந்துவிட்டார்கள். எதிரில் இன்னும் ஒருவன் பாக்கி.

வலையை அறுத்து, வள்ளத்தைக் கொளுத்தி, ஆளை வெட்டிக் கடலுக்குச் சண்டை போட்டதெல்லாம் நிழற்போர்ச் சட்டத்துக்கு முந்தைய கதை. இப்போது இரண்டு ஊருக்குள் தகராறு என்றால் 'வான்களம்' என்ற விளையாட்டில் ஊருக்கு மூன்று விமானிகள் மோத வேண்டும். எதிரியை வீழ்த்தினால் மட்டும் போதாது. கடலில் நிற்கும் தன் தாய்க்கப்பலில் பத்திரமாக இறங்கினால்தான் வெற்றி செல்லும். யாருமே இறங்காவிட்டால், ஐந்து வருடம் கழித்து வரும் அடுத்த மோதல் வரை உரிமை பழையபடியே இருக்கும். மீன் அதிகம் படும் எட்டாம் பாறைக் கடல் இப்போது சங்குமடையின் கையில் இருந்தது. இன்னும் ஐந்து வருடம் அப்படியே இருந்தால் புன்னைத்துறையின் முந்நூறு வள்ளங்களும் தொழிலில்லாமல் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். அதில் ஜெசிந்தாவின் கணவன் ரீகனுடையதும் ஒன்று.

அவள் ஓட்டியது 'நாரை'. வேகம், ஆயுதம், திருப்பம் எல்லாமே அளவோடு அமைந்த கப்பல் விமானம். எதிலும் முதலிடம் இல்லாததால் உலகத்தில் யாரும் அதைச் சீண்டுவதில்லை. சட்டமாகிவிட்ட விளையாட்டில் ஒரு விமானம் மட்டும் ஓங்கிவிடக் கூடாதே என்று 'சமனி' என்ற பொறி காவலுக்கு இருந்தது. அதிகம் ஜெயிக்கும் விமானத்தை அது கொஞ்சம் தட்டிவைக்கும். அதிகம் தோற்பதைக் கொஞ்சம் தூக்கிவிடும்.

ஆறு மாதம் முன்னால் மீனவர் சங்கச் செயலாளர் சேசுராஜுக்கு அங்கேதான் பொறி தட்டியது.

"நாரைய ஓட்டுறதுக்கு நம்மள விட்டா நாதி கிடையாது. ஊரே சேர்ந்து அதுல தோத்தா சமனி என்ன செய்யும்? தூக்கி விட்டுக்கிட்டே இருக்கும்லா?"

அவ்வளவு சாமர்த்தியமான யோசனையை அந்தக் கடற்கரை அதுவரை கேட்டதில்லை. ஆனால் சமனி லேசுப்பட்டதல்ல. வேண்டுமென்றே தோற்பவரின் கையை அது கண்டுபிடித்துவிடும். தோல்வி நிஜம்போல இருக்க வேண்டும். அதற்கும் வழி கண்டார்கள். நன்றாகச் சண்டை போட்டுவிட்டு, கப்பலில் இறங்கும் கடைசி அரைநொடியில் பயந்தவர்போல மூக்கை லேசாகத் தூக்கிவிடுவது. வாலில் தொங்கும் கொக்கி தளத்துக் கம்பியில் மாட்டாமல் தாண்டிப்போகும். விமானம் தளத்தின் மறுமுனையில் கடலுக்குள் விழும். புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. சமனிக்குச் சந்தேகமே வராது.

நானூறு பேர் முறை வைத்து விழுந்தார்கள். ஜெசிந்தா மட்டும் நாலாயிரம் தடவைக்கு மேல் விழுந்தாள். வாரந்தோறும் நாரை வேகம் கூடியது.

"ஒரு தடவையாவது ஒழுங்கா இறங்கிப் பாக்குதேன்ணே," என்று போன மாதம் அவள் கேட்டாள்.

"வேண்டாம் தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு இறங்குனாலும் சமனிக்கு முழிப்பு வந்துரும். அன்னைக்கு இறங்குனா போதும். இறங்குறது என்ன பெரிய வித்தையா? மூக்கத் தூக்காம இருந்தா சரி."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சங்குமடையின் கடைசி ஆள் மேகத்துக்குள்ளிருந்து பாய்ந்து வந்தான். ஜெசிந்தா நாரையைத் திருப்பிய திருப்பை வேறெந்த விமானமும் தாங்கியிருக்காது. அவன் முன்னால் போய்விட்டான். இவள் பின்னால் இருந்தாள். இரண்டு ஏவுகணைகள் போதுமாக இருந்தன.

கூடம் இடிந்துவிழும்போல ஆர்ப்பரித்தது. ரீகன் யாரையோ கட்டிப்பிடித்து அழுதான். சேசுராஜ் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"முடிஞ்சுது தங்கச்சி! வீட்டுக்கு வா!"

எரிபொருள் ஒரே ஒரு தடவை இறங்கத்தான் இருந்தது. கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. சக்கரம் வெளியே, கொக்கி கீழே. மூக்கைத் தூக்காதே, தூக்காதே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தளம் விரிந்துகொண்டே வந்தது. கோணம் சரி. வேகம் சரி. நான்கு கம்பிகளும் துல்லியமாகத் தெரிந்தன.

கடைசி அரைநொடியில் அவள் கை மூக்கைத் தூக்கியது.

அவள் தூக்கவில்லை. கை தூக்கியது. நாலாயிரம் தடவை பழகிய கை அவளிடம் கேட்கவில்லை. கொக்கி கம்பிகளைத் தாண்டியது. திரை முழுக்கக் கடல் நிறைந்தது.

ஜெசிந்தா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணும்னு செய்யலண்ணே."

சேசுராஜின் கையடக்கத் திரையில் சமனியின் அறிவிப்பு வந்திருந்தது. 'நாரை தொடர்ந்து தோற்கிறது. வேகமும் ஆயுதமும் உயர்த்தப்படுகின்றன.' அதை இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அஞ்சு வருஷம் போகட்டும். நாரைய அடிக்க உலகத்துலயே ஆளிருக்காது, பாத்துக்க."

"இறங்க யாருண்ணே இருக்கா?"

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். நானூறு பேரும் தங்கள் தங்கள் வலது கையை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே ஜெசிந்தா பயிற்சி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை நிஜமாகவே இறங்கப் பார்த்தாள். பதினேழு தடவை கடலில் விழுந்தாள். பதினேழையும் சமனி குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் நாரையை இன்னும் கொஞ்சம் நல்ல விமானமாக்கியது.